குழந்தைப் பாதுகாப்புப் பணிக்கு ஆள் தயாரிப்பது எப்படி: கொங்கு மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒருவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்த முதல் வாரமே அவர் மேசைக்கு ஒரு கோப்பு வந்துவிடும். பதின்மூன்று வயதுப் பையனைப் பனியன் கம்பெனியில் இருந்து மீட்டிருக்கிறார்கள், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு, வீட்டு நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 36ஆம் பிரிவுப்படி அந்த விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். குழந்தை உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் வந்தது, இந்தியா அதை 1992இல் ஏற்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பையன் வீட்டு வாசலில் நின்று, முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்ட அப்பாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. நடக்கிறது. ஒரு நாள் கூட்டம், பேனர், பவர்பாயிண்ட், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. அதில் கிடைக்கும் கொஞ்சநஞ்சமும் ஆளோடு போய்விடுகிறது. மாவட்ட அலகுப் பணியாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்கள். குழந்தைகள் நலக் குழு உறுப்பினரை ஒரு முறைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் நியமிக்க முடியாது. காவல் அதிகாரிக்கு எப்போது வேண்டுமானாலும் மாறுதல் வரும். இத்தனை பேர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் மாறாமல் நிற்கக்கூடியது ஊரில் உள்ள கல்லூரிதான். பயிற்சியை அங்கே குடியேற்ற வேண்டும். மாணவர், புதிதாகச் சேர்ந்தவர், பழுத்த அனுபவசாலி மூவருமே அதே துறைக்கு, அதே அறைக்குத் திரும்பத் திரும்ப வரும்படி செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

படி 1: யாருக்குப் பயிற்சி என்று முதலில் பட்டியல் போடுங்கள்

மாவட்டத்தில் குழந்தைப் பாதுகாப்பு யார் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உள்வட்டத்தில் வருபவர்கள்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நிறுவனப் பராமரிப்புக்கும் நிறுவனம் சாரா பராமரிப்புக்குமான பாதுகாப்பு அலுவலர்கள், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர் வழக்குகளை விசாரிக்க, நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணி உறுப்பினர்கள் அமரும் இளைஞர் நீதிக் குழுமம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற, ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத குழந்தை நலக் காவல் அலுவலர். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு வரும் அழைப்புகளைக் கையாள்பவர்கள். 2023க்குப் பிறகு இந்தச் சேவை அரசு அமைப்புக்குள் வந்துவிட்டதால் இவர்களும் மாவட்ட நிர்வாகத்தின் ஆட்களே. குழந்தைகள் இல்லங்களின் கண்காணிப்பாளர், இல்லத் தாய், சமையல்காரர், வாட்ச்மேன். கடைசி இருவரையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற குழந்தைக்கு அருகில் இருப்பவர் வாட்ச்மேன்தான்.

வெளிவட்டத்தில் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு மருத்துவர்கள், ஊராட்சித் தலைவர் தலைமையிலான கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் வருவார்கள்.

இரண்டு வட்டத்துக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண் வேலை. வெளிவட்டத்துக்கு அரை நாள் போதும். அடையாளம் காண், தெரிவி, நீயே விசாரிக்க இறங்காதே என்ற மூன்றையும் பழக்கினால் சரி. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, சந்தேகம் இருந்தாலே தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ‘ஸ்கூல் பேரு கெட்டுப் போயிருமுங்க’ என்று தயங்கும் தலைமையாசிரியருக்கு இந்த ஒரு வரி போதுமான பாடம். உள்வட்டத்துக்குத்தான் நீண்ட, திரும்பத் திரும்ப வரும் பயிற்சி தேவை. இனி வரும் படிகள் பெரும்பாலும் அவர்களுக்கானவை.

படி 2: நம் ஊர்ப் பிரச்சினையில் இருந்து பாடத்தை எடுங்கள்

டெல்லியில் தயாரான கையேடு தொடர்வண்டி நிலையத்தில் தனியாக நிற்கும் குழந்தையில் தொடங்கும். கொங்கில் கதை வேறு மாதிரி. திருப்பூரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள்: அப்பா அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போன பிறகு லைன் வீட்டில் அடைந்து கிடப்பார்கள், அல்லது வயதைக் கூட்டிச் சொல்லிக் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் போவார்கள். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்குள்ளேயே தங்கிவிடும் வெளிமாநிலக் குடும்பங்கள். பண்ணைக் கேட்டுக்கு வெளியே அந்தக் குழந்தையை யாருக்கும் தெரியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் என்ற கயிறு. நூற்பாலை விடுதிகளில் பதின்ம வயதுப் பெண்கள். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்களை வேலைக்குச் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயர் மறைந்தாலும் ஆலைக்குள்ளேயே தங்கவைக்கும் ஏற்பாடு வேறு வேறு பெயரில் தொடர்வதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். பர்கூர், தாளவாடி, கொல்லிமலை, வால்பாறை என்று மலைக்குப் போனால் பள்ளி இடைநிற்றலும் இளவயதுத் திருமணமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வெளி மாநிலம் போய்விட்ட பையனை எந்தப் பட்டியலில் தேடுவீர்கள்?

எனவே பாடத்திட்டம் எழுதும் முன் ஒரு மாதம் ஒதுக்கி மாவட்ட அலகு, குழந்தைகள் நலக் குழு, அனைத்து மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை நான்கிலும் உட்கார்ந்து கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன பயிற்சி வேண்டும்’ என்பதல்ல. அப்படிக் கேட்டால் ‘போக்சோ பத்தி ஒரு கிளாஸ் எடுங்க’ என்று பதில் வரும். ‘போன மாதம் எந்த வழக்கில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்’ என்று கேளுங்கள். பெயரும் ஊரும் நீக்கி அந்த நிகழ்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது சேர்ந்தால் அதுவே உங்கள் பாடநூல்.

படி 3: கல்லூரிக்குள் பாடமாக நுழைப்பது

தன்னாட்சிக் கல்லூரி என்றால் வேலை எளிது: துறையின் பாடத்திட்டக் குழு, பிறகு கல்விக் குழு, அவ்வளவுதான். பாரதியார் அல்லது பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சியில்லாத கல்லூரி என்றால் பாடத்திட்டத்தில் கை வைக்க முடியாது. மதிப்புக்கூட்டுப் படிப்பு என்ற வாசல் இருக்கிறது. 30 மணி நேரமோ அதற்கு மேலோ நடத்தினால் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் மதிப்பீட்டிலும் கணக்கில் வரும். முதல்வரைச் சம்மதிக்க வைக்க இந்தக் காரணம் மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக வேலை செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று அடுக்காகத் திட்டமிடலாம்.

முதல் அடுக்கு, எந்தத் துறை மாணவரும் எடுக்கக்கூடிய 30 மணி நேரப் படிப்பு. பி.எட்., செவிலியர், உளவியல், மனையியல், சட்டம் எல்லோருக்கும் பொது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாகி வேறு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய ‘சைல்ட் அட்வகசி ஸ்டடீஸ்’ என்ற துணைப்பாடத்தின் அடிப்படை எண்ணமும் இதுவே: நாளைக்கு ஆசிரியராகவும் போலீசாகவும் நர்ஸாகவும் போகப் போகிறவர்கள் படிக்கும் காலத்திலேயே ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். நம் ஊரில் பிற்பாடு இவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திப்பது வழக்கு வந்த பிறகுதான்; அதுவும் பெரும்பாலும் சண்டையில்.

இரண்டாம் அடுக்கு, சமூகப்பணி, உளவியல் முதுகலை மாணவருக்கான சிறப்புப் பாடம். வகுப்புக்கு 15 மணி நேரம் ஒரு கிரெடிட், செய்முறைக்கு 30 மணி நேரம் ஒரு கிரெடிட் என்ற கணக்கில், என் கருத்தில் செய்முறைக் கிரெடிட் வகுப்புக் கிரெடிட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளடக்கம்: குழந்தை வளர்ச்சியும் பற்றுறவும், கொடுமை, புறக்கணிப்பு, சுரண்டல் இவற்றின் அறிகுறிகள், நான்கு சட்டங்கள் (இளைஞர் நீதி 2015, போக்சோ 2012, குழந்தைத் திருமணத் தடை 2006, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம்), குழந்தையோடு பேசும் முறை, அறிக்கை எழுதுதல், குடும்பத்தை வலுப்படுத்துதல். கடைசியாகச் சொன்னதற்கு அதிக மணி நேரம் கொடுங்கள். வறுமை ஒன்றே காரணம் என்றால் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது தீர்வு கிடையாது. குழந்தைப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000, நகர்ப்புறத்தில் 96,000. இந்த எண்கள் விரல் நுனியில் இல்லாத சமூகப் பணியாளர் முதலில் எழுதும் பரிந்துரை ‘இல்லத்தில் சேர்க்கலாம்’ என்பதாகத்தான் இருக்கும்.

மூன்றாம் அடுக்கு, பணியில் இருப்போருக்கான சான்றிதழ் படிப்பு. அதைப் படி 6இல் பார்ப்போம்.

சட்டப் பாடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகளை அப்படியே வைத்து ஓட்டாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு தத்தெடுப்பு ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. சமூகப் பாதுகாப்புத் துறை என்று நாம் சொல்லிப் பழகியது இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டமான 1920ஆம் ஆண்டு மதராஸ் குழந்தைகள் சட்டத்தைப் பெருமையோடு ஒரு நிமிடம் சொல்லிவிட்டு இன்றைய சட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

படி 4: வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு பொய்வீடு

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக உழைப்பும் அதிக பலனும். வினோனாவில் ஒரு வீட்டையே பயிற்சிக்காக அமைத்தார்கள். நமக்கு ஓர் அறை போதும். கயிற்றுக் கட்டில், ஸ்டவ், கொடியில் துணி, மூலையில் பனியன் மூட்டை, சுவரில் பள்ளி மார்க் ஷீட், மேலே எட்டாத உயரத்தில் மருந்துச் சீட்டு. லைன் வீடு ஒன்று தயார். பயிற்சி பெறுபவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்து பார்த்ததை எழுத வேண்டும். ‘வீடு சுத்தமாக இல்லை’ என்று எழுதுபவர் நிறையப் பேர். குழந்தை எங்கே படுக்கிறது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பள்ளிப் புத்தகம் கண்ணில் பட்டதா என்று எழுதுபவர் சிலரே. இரண்டாம் வகையினரின் அறிக்கையில்தான் நலக் குழு முடிவெடுக்க ஏதாவது இருக்கும்.

அதே அறையில் நேர்காணல் பயிற்சி. குழந்தையாக நடிப்பவர் கட்டாயம் பெரியவராக இருக்க வேண்டும். நாடகக் குழு மாணவர்கள் இதற்குப் பொருத்தம். உண்மையான குழந்தையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உண்மை வழக்கின் விவரத்தை அப்படியே நடிக்கவும் விடாதீர்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு. பெரியவர் எது கேட்டாலும் மரியாதைக்கு ‘ஆமாங்க’ என்பார்கள். வீட்டில் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி இங்கே இரட்டை ஆபத்து.

தவறான தொடக்கம்: ‘உங்க மாமா உன்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டாரா?’ ‘ஆமாங்க.’ ‘ரெண்டு மூணு தடவ நடந்துச்சா?’ ‘ஆமாங்க.’ இதில் குழந்தை சொன்னது எதுவும் இல்லை. எல்லாம் கேட்டவர் சொன்னது. நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் இதைப் பிரித்துப் போட ஐந்து நிமிடம் ஆகாது.

சரியான தொடக்கம்: ‘இன்னிக்கி எதுக்கு இங்க வந்திருக்கறோம்னு உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு.’ ‘அப்பறம் என்னாச்சு?’ ‘நீ கதவுன்னு சொன்னியே, அதப் பத்தி இன்னுங்கொஞ்சம் சொல்லு.’ அதற்கும் முன்னால், ‘தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு, நா தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லு’ என்று சொல்லி, வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லி, குழந்தை திருத்துகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். ‘உனக்கு அஞ்சு வயசு, சரியா?’ என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் கேட்டு, அது ‘ஆமாங்க’ என்று தலையாட்டினால் இன்னும் பேச்சுக்கு நேரம் வரவில்லை என்று பொருள்.

‘கண்ணு’, ‘சாமி’ என்று கொஞ்சி அழைப்பது நமக்கு இயல்பு. ஆனால் கெடுதல் செய்தவரும் அப்படியே அழைத்திருக்கக்கூடும். உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டு, குழந்தை சொல்லும் பெயரால் அழைக்கப் பழகுவது நல்லது.

ஒவ்வொரு பயிற்சியையும் ஒலிப்பதிவு செய்து, பயிற்சி பெறுபவர் தான் கேட்ட கேள்விகளைத் தானே எண்ணட்டும்: எத்தனை திறந்த கேள்வி, எத்தனை ஆமாம்-இல்லைக் கேள்வி, எத்தனை இடத்தில் குழந்தையைப் பேசவிடாமல் குறுக்கே விழுந்தார். மைக்கேல் லாம்ப் முதலிய ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் திறந்த கேள்விகளால் பேசும் என்.ஐ.சி.எச்.டி. நேர்காணல் முறையை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்வது இதுதான்: தொடர்ந்து கருத்துரை கிடைக்கும் வரை பயிற்சி பெற்றவரின் கேள்விகள் நன்றாக இருக்கும், கருத்துரை நின்றதும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் கூட்டம் ஏன் பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

அறை இருக்கும்போதே மாதிரி நலக் குழு அமர்வும் மாதிரி போக்சோ நீதிமன்றமும் நடத்திவிடலாம். கோவை அரசு சட்டக் கல்லூரி மாணவர்களை அழைத்தால் அவர்களுக்கும் பயிற்சி. போக்சோ நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குழந்தையிடம் நேரே கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே போக வேண்டும் என்பது 33ஆம் பிரிவு. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்பது 36ஆம் பிரிவு. படித்தால் இரண்டு வரி. திரையை எங்கே வைப்பது, குழந்தை எந்த வாசல் வழியாக வருவது, கழிப்பறைக்கு எந்த வழியாகப் போவது என்று நடத்திப் பார்த்தால்தான் அந்த இரண்டு வரியின் கனம் புரியும்.

படி 5: களப்பணிக்கு அனுப்பும் முன்

மாணவரை மாவட்ட அலகுக்கோ இல்லத்துக்கோ அனுப்பும் முன் நான்கு காரியம் முடிந்திருக்க வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு. கல்லூரியின் எழுத்துப்பூர்வமான குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையில் கையொப்பம். குழந்தையோடு தனியறையில் இருக்க மாட்டேன் என்ற விதி. செல்போன் விதி. நான்காவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த செல்பியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றமாகிவிடலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். களப்பணி அறிக்கைக்கும் இது பொருந்தும்: பெயர், பள்ளி, தெரு எதுவும் இருக்கக் கூடாது. சின்ன ஊரில் ‘மளிகைக் கடைக்காரர் மகள்’ என்று எழுதினாலே ஆளைத் தெரிந்துவிடும்.

இன்னொன்றைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. இந்தப் பாடம் நடத்தும்போது வகுப்பில் உள்ள மாணவரே தன் அனுபவத்தைச் சொல்வார். கட்டாயம் ஒருவராவது சொல்வார். முதலாண்டு இளங்கலை வகுப்பில் 17 வயதினர் இருக்கக்கூடும். அவர் சொன்னால், தெரிவிக்கச் சொல்லும் போக்சோ 19ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். அதனால் முதல் வகுப்பிலேயே, எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆற்றுப்படுத்துநர் ஒருவர் அதே கட்டடத்தில் இருக்கும் நாளில்தான் பாலியல் கொடுமை பற்றிய வகுப்பை வையுங்கள். எந்த மாணவரும் காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போகலாம் என்ற உரிமையும் வேண்டும். அந்த நாளுக்கு வருகைப் பதிவில் கை வைக்காதீர்கள்.

படி 6: பணியில் இருப்போருக்கான தொடர் பயிற்சி

சட்டமே ஒரு பிடி கொடுத்திருக்கிறது. இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்கு நியமனம் ஆன 60 நாளுக்குள் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. போக்சோ விதிகள் 2020, குழந்தைகளோடு தொடர்பில் வரும் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர் எல்லோருக்கும் அவ்வப்போது பயிற்சி கேட்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் போகும்போது இந்த இரண்டையும் மனுவின் முதல் பத்தியில் வையுங்கள். உதவி கேட்டு வந்தவர்போல நிற்க வேண்டியதில்லை. அரசு செய்ய வேண்டியதைச் செய்ய உதவ வருகிறீர்கள்.

நேரம் பிடிப்பதுதான் பெரும்பாடு. நலக் குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். காவலர்களுக்குத் திருவிழா பந்தோபஸ்து வந்தால் எல்லாம் ரத்து. பங்குனியில் பண்ணாரி குண்டமும் ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழாவும் இருக்கும்போது பயிற்சி வைத்தால் காலி நாற்காலிகளிடம்தான் பேச வேண்டும். நான் பரிந்துரைக்கும் முறை: சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் ஐந்து முழு நாள், அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை அரை நாள். தலைப்புகளை ஊர் நாள்காட்டியோடு கட்டுங்கள். இளவயதுத் திருமணம் பற்றிய அமர்வை மார்கழியில் வையுங்கள், தை முகூர்த்தத்துக்கு முன்னால். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலரையும் கல்யாண மண்டப உரிமையாளர்களையும் அதே அமர்வுக்கு அழைக்கலாம். பள்ளி திறக்கும் ஜூனில் இடைநின்ற பிள்ளைகளைத் தேடுவது.

மாத அமர்வில் விரிவுரை வேண்டாம். ஒருவர் தன் வழக்கு ஒன்றை, அடையாளம் நீக்கி, பத்து நிமிடத்தில் சொல்லட்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கட்டும், அறிவுரை கூடாது. பிறகு ஆசிரியர் அதை ஒட்டிய சட்டத்தையோ ஆய்வையோ அரை மணி நேரம் சொல்லலாம். காவல் ஆய்வாளரும் ஆற்றுப்படுத்துநரும் மருத்துவரும் ஒரே மேசையில் இருந்தால் மிக எளிய சிக்கல்கள் அங்கேயே அவிழும். அவசர மருத்துவ உதவிக்கு எந்த ஆவணத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று போக்சோ விதியே சொல்கிறது, ஆனாலும் எப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்பது போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு. இவையெல்லாம் சுற்றறிக்கையால் மாறுவதைவிட, எதிரே உட்கார்ந்திருப்பவர் நேரே கேட்பதால் சீக்கிரம் மாறும்.

துணை நபர் பயிற்சியைத் தனியாக நடத்துங்கள். போக்சோ வழக்கில் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை கூட நிற்பவர் அவர். இந்த ஏற்பாடு வெறும் ஏட்டளவில் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் வலியுறுத்தியது. உங்கள் முதுகலைப் பட்டதாரிகளே இதற்கு நல்ல தேர்வு. திருப்பூருக்கு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும், தாளவாடிக்குக் கன்னடம் தெரிந்தவர்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தாக வேண்டும். குழந்தை சொன்னதைத் திருத்தி அழகாகச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் வழக்கையே கெடுத்துவிடுவார். கம்பெனி மேஸ்திரியை மொழிபெயர்க்கக் கூப்பிடும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும்.

படி 7: யார் சொல்லித் தருவது

பெங்களூரு பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. அங்குள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2020இல் தொடங்கிய ‘சம்வாத்’ பிரிவு குழந்தைப் பாதுகாப்பையும் மனநலத்தையும் இணைத்தே பயிற்சி தருகிறது, இணையவழியிலும் நடத்துகிறார்கள். பொதுக் கூட்டுறவு மற்றும் குழந்தை வளர்ச்சிக்கான தேசிய நிறுவனம் என்று நாம் அறிந்த மத்திய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கிறது. உங்கள் ஆசிரியர்கள் இரண்டு பேரை முதலில் அங்கே அனுப்பிப் பயிற்றுவியுங்கள். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் சமூகப்பணித் துறை உண்டு, அவினாசிலிங்கத்தில் மனித வளர்ச்சித் துறை உண்டு. தனித்தனியே அறை கட்டுவதை விட ஒரு மாவட்டத்துக்கு ஓர் அறை என்று பகிர்ந்துகொள்ளலாம். ஆசிரியர்களைச் சென்றடைய பெருந்துறை, திருமூர்த்தி நகர் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் வழி.

பேச்சாளராக நட்சத்திரங்களைத் தேடாதீர்கள். பத்து வருடம் புறத்தொடர்புப் பணியில் இருந்தவர், ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர் போன்றோர் கூச்சத்தோடு சொல்வதில் விஷயம் இருக்கும். இல்லத்தில் வளர்ந்து இன்று பெரியவரானவரை அழைக்கலாம். அவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். இல்லங்களை எப்படி நடத்த வேண்டும் என்று அவரிடம் ஆலோசனை கேளுங்கள், சோகக் கதை கேட்காதீர்கள்.

படி 8: பணம்

செலவு நினைப்பதைவிடக் குறைவு. அறையும் ஆசிரியரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். பயணப்படி, சாப்பாடு, நடிப்பவர்களுக்கும் வெளிப் பயிற்றுநர்களுக்கும் ஊதியம், இவைதான் மிச்சம். மிஷன் வாத்சல்யாவில் மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பகிர்கின்றன. பயிற்சிக்கான பகுதியை மாவட்ட அலகு வழியாகக் கேளுங்கள். கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ் வரும் பெரிய ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் கொங்கில் கிடைக்கும். இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஆலை விடுதிகளைப் பற்றிய பாடம் இருக்கிற படிப்புக்கு ஆலையிடம் பணம் வாங்கினால், பாடத்திட்டத்தில் தலையிடுவதில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவர் பணம் வேண்டாம்.

படி 9: சொல்லித் தந்தது வேலை செய்கிறதா

பயிற்சி முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவம் எதையும் சொல்லாது. எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறுவார்கள். அதற்குப் பதில், பயிற்சிக்கு முன் எழுதிய மூன்று சமூக விசாரணை அறிக்கைகளையும் ஆறு மாதம் கழித்து எழுதிய மூன்றையும், மாவட்ட அலகும் நலக் குழுவும் அடையாளம் நீக்கித் தரும் பிரதிகளாக வாங்கி, எது முன், எது பின் என்று தெரியாத இருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மத்திய மாதிரி விதிகளின் படிவம் 22 எல்லாக் கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். கட்டம் நிரம்பியதா என்று பார்க்க வேண்டாம். குழந்தையின் சொந்த வார்த்தை ஒரு வரியாவது இருக்கிறதா? வீட்டுக்கு நேரில் போனாரா, போனில் முடித்தாரா? அக்கம்பக்கம், பள்ளி, தாய்வழி உறவு யாரையாவது கேட்டாரா? குடும்பத்தோடு வைத்துக்கொள்ள என்ன முயற்சி நடந்தது? பரிந்துரைக்கும் மேலே எழுதிய விவரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

கூடவே ஆட்களையும் கவனியுங்கள். தினமும் இப்படிப்பட்ட விவரங்களைக் கேட்பவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கடைசியில் எதுவுமே உறைக்காமல் போகும். மாத அமர்வுக்கு வருவதை நிறுத்தியவர் யார் என்று பாருங்கள். சோர்ந்துபோனவர் முதலில் செய்வது அதுதான். பதிவேட்டில் இரண்டு முறை தொடர்ந்து பெயர் விடுபட்டால் ஒருங்கிணைப்பாளர் நேரில் போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பதையும் அவரது பொறுப்புப் பட்டியலில் எழுதிவிடுங்கள். அறிக்கை ஒப்பீட்டின் முடிவை ஆண்டுக்கொரு முறை இரண்டு பக்கத்தில் ஆட்சியருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் கொடுத்து, எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைந்ததோ அந்தப் பாடத்துக்கு அடுத்த ஆண்டு மணி நேரத்தைக் கூட்டுங்கள்.